படத்து விளக்கு மங்கிய காரணம்

கவரைப்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

என் செல்ல மகன் இம்மானுவேலுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் புண்ணியத்தில் நான், உன் அப்பா, உன் மனைவி மெர்சி, உன் மகள் கிறிஸ்டினா நாலு பேரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், பின்னால் படிக்கப் படிக்க உனக்குப் பதறும், பதறினால் திரும்பி வந்து இந்த வரியையே இன்னொரு முறை படித்துக்கொள். குழந்தைக்கு இப்போது ஒன்றும் இல்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், பிடுங்கினால் என்னை அடிக்கிறாள், உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. நீயும் அங்கே சவுதியில், தம்மாமில் வேளைக்குச் சாப்பிட்டு, அந்த வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, கை கால் பத்திரமாக இருக்க வேண்டும், இதைத்தான் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னடா இது, வாரம் தவறாமல் வீடியோவில் முகத்தைப் பார்க்கிறோம், இந்தக் காலத்தில் அம்மா காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், இந்த விஷயத்தை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்கும் மெர்சிக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். உன் கம்பெனியிலேயே வேலை செய்கிற ஜெகன் லீவு முடிந்து இன்று ராத்திரி பிளைட்டுக்குக் கிளம்புகிறான், மாங்காய் ஊறுகாயோடு இதையும் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

போன தடவை நீ லீவு முடிந்து கிளம்புகிற முந்தின நாள், திரு இருதய ஆண்டவர் படத்துக்கு மேலே இரண்டு மஞ்சள் பல்பு வைத்து விளக்கு மாட்டிக் கொடுத்தாய் அல்லவா, கூடவே திருகித் திருகிக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் சுவிட்சும் வைத்தாய். அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் ஹாலில்தான் தூங்குகிறார், அவர் கண்ணில் அடிக்காமல் குறைத்து வைத்துக்கொள், செபம் சொல்லும்போது முழுசாகத் திருகிக்கொள் என்று நீதான் எனக்குக் காட்டிக் கொடுத்தாய். நம் வீடு பழைய வீடு, உன் அப்பா ரோலிங் மில்லில் பர்மனென்ட் ஆன வருஷம் கட்டியது, சுவரில் மரச்சட்டம் அடித்து அதன் மேலே ஒயர் ஓட்டின காலத்து வேலை, எங்கெங்கே எலி கடித்து எங்கெங்கே டேப் சுற்றியிருக்கிறது என்று உனக்கே தெரியும். சாயங்காலம் பெட்டி கட்ட வேண்டும், நீ ஏணியிலிருந்து இறங்காமல் நின்றாய், மெர்சி முகம் வாடிப்போய் நின்றாள், ஒருவழியாக விளக்கு எரிந்ததும் எல்லோரும் கை தட்டினோம். நீ போன பிறகு அந்த விளக்கை நான் ஒரு நாளும் முழுசாக அணைத்ததில்லை. அது எரிந்தால் நீ வீட்டில் இருக்கிற மாதிரி எனக்கு ஒரு எண்ணம், இதைச் சொன்னால் உன் அப்பா கேலி செய்வார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஈஸ்டர் முடிந்து வெயில் ஏற ஏற அந்த விளக்கு மங்க ஆரம்பித்தது. எவ்வளவு திருகினாலும் ஒரே அழுக்கு மஞ்சள், ஆண்டவர் முகம் கூடச் சரியாகத் தெரியவில்லை. அதே வாரம் பார்த்து உன்னிடமிருந்து போன் இல்லை, மெர்சி அடித்தால் சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது. பிறகு நம் பக்கம் ஒரு கோடை மழை கொட்டியது, மழை விட்ட கொஞ்ச நேரத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது, அன்றைக்கே நீயும் யாரோ ஒருவன் போனிலிருந்து கூப்பிட்டு, என் போன் மேலிருந்து விழுந்து உடைந்துபோச்சும்மா என்று சொன்னாய். நீயே சொல், நான் என்ன நினைப்பேன்? உனக்கு ஒன்று என்றால் ஆண்டவர் இந்த விளக்கில் எனக்குக் காட்டுகிறார் என்று முடிவு பண்ணிவிட்டேன். அதன் பிறகு நான் பட்ட பாட்டை எழுத முடியாது. விளக்கு மங்கினால் சாப்பாடு இறங்காது, உன் பெயரைச் சொல்லிச் சொல்லி டிம்மரை முழுசாகத் திருகிவிட்டு முழங்காலில் விழுவேன். மண் காயக் காய அது இன்னும் மங்கியது, நான் இன்னும் அதிகமாகச் செபம் சொன்னேன்.

இதற்கு நடுவில் குழந்தை. கிறிஸ்டினா இப்போது தவழ்ந்து போய் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள், வீடியோவில் பார்த்திருப்பாய். சமையல்கட்டில் தரை சில்லென்று இருப்பதால் அங்கேதான் போய்ப் போய் உட்காருவாள். நான் படத்துக்கு முன்னால் செபம் சொல்ல உட்கார்ந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து வீல் என்று ஒரு கத்தல். ஓடிப்போய்த் தூக்கினால் உடம்பெல்லாம் நடுங்கும், கண் மிரளும், ஆனால் கடித்த தடமோ கீறலோ எதுவும் இருக்காது. மற்ற நேரத்தில் அதே இடத்தில் சொப்பு வைத்து விளையாடுவாள், செபம் ஆரம்பித்தால்தான் கத்துவாள். பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி இதைக் கவனித்துவிட்டு என் காதோடு சொன்னாள், சாமி கும்பிடும்போது மட்டும் குழந்தை மிரளுதுன்னா அது சும்மா இல்லக்கா, எதையோ பார்த்து பயப்படுது என்று. ஆண்டவர் பெயரைக் கேட்டால் கத்துகிற குழந்தை என்றால் என்ன அர்த்தம் என்று யோசிக்கவே பயந்தேன். மெர்சியிடம் சொல்லவும் பயம், பெற்றவள் அல்லவா. கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், பாதர் தலையில் கை வைத்துச் செபம் பண்ணி, டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள் என்று நல்ல புத்தியும் சொல்லித்தான் அனுப்பினார். நான் டாக்டரிடம் போகவில்லை. ஒரு பாட்டிலில் தீர்த்தம் வாங்கி வந்து காலையும் மாலையும் சமையல்கட்டு முழுக்கத் தெளித்தேன். அவள் எப்போதும் ஃப்ரிட்ஜ் பக்கத்தில்தான் கத்துகிறாள் என்பதால் அதைச் சுற்றி இன்னும் நிறையத் தெளித்தேன், தரை ஈரமாகவே இருக்கும்.

ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போன கொஞ்ச நாளிலேயே மெர்சி சொன்னாள், ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று. உன் அப்பா பெரிய விஷயம் மாதிரி எடுத்துக்கொள்ளவே இல்லை, எல்லா ஊட்டு ஃப்ரிட்ஜும் அப்டித்தான், செருப்பு போட்டுக்கினு தொற என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை, இந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கிறது, நாங்களும் ஒரு ஜோடி போட்டு வைத்தோம், மாற்றி மாற்றி அதில் கால் நுழைத்துக் கதவைத் திறந்தோம், அதோடு மறந்தும் போனோம். தவழ்கிற பிள்ளைக்கு ஏது செருப்பு என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

விளக்கை மட்டும் காட்டாமல் விடவில்லை. பின் தெரு அன்புராஜ், தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கிறானே, அவனை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிட்டு வந்தேன். முதலில் பல்புதான் கோளாறு என்று எல்இடி மாட்டினான், அது கண் அடிக்கிற மாதிரி மினுக் மினுக் என்று துடித்தது, இந்த டிம்மருக்கு எல்இடி ஒத்துக்கொள்ளாது என்று மறுபடி பழைய மஞ்சள் பல்பே புதிதாக வாங்கிப் போட்டான். அப்போதும் மங்கல்தான். சரி டிம்மர் போய்விட்டது என்று அதை மாற்றினான், மாறவில்லை. பிறகு டிம்மரே இல்லாமல் நேராகக் கொடுத்துப் பார்த்தான், அப்போதும் அதே அழுக்கு மஞ்சள். மற்ற லைட்டும் ஃபேனும் நன்றாக ஓடுகிறது, அப்படியானால் ஈபியில் குறை இல்லை, இந்த விளக்குக்குப் போகிற ஒயரில்தான் எங்கேயோ கோளாறு, படத்துக்குப் பின்னால் இருக்கிற பெட்டியைத் திறந்து பார்க்கணும் என்றான். உன் அப்பா அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தார். எம் புள்ள போட்ட ஒயர யாரும் நோண்டத் தேவயில்ல, அவன் வெளிநாட்டுல கரண்டு வேலை பாக்குறவன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். அன்புராஜுக்கும் ரோஷம், புது டிம்மரை மட்டும் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

இனிமேல்தான் நீ மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். போன வாரம் பஞ்சாயத்துத் தண்ணீர் சரியாக வரவில்லை, பின்பக்கம் துணி கூடத் துவைக்கவில்லை, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மத்தியானம் மூன்று மணிச் செபத்துக்கு நான் உட்கார்ந்தேன். தெருமுனைக்குத் தண்ணி லாரி வந்திருக்கிறது என்று மெர்சி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், குழந்தையைப் பார்த்துக்கோங்க அத்தே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பா ஹாலில் தூக்கம். விளக்கு அன்றைக்கு மங்கின மாதிரி என்றைக்கும் மங்கினதில்லை, பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. உனக்குத்தான் என்னவோ என்று நினைத்தேன். டிம்மரை முழுசாகத் திருகினேன், கண்ணை மூடிக்கொண்டேன், என் பிள்ளையைக் காப்பாற்று, என் பிள்ளையைக் காப்பாற்று என்று அதையே சொன்னேன். குழந்தை சமையல்கட்டில் இருப்பது தெரியும், வழக்கம் போலக் கத்தப் போகிறாள் என்று காதை அங்கேதான் வைத்திருந்தேன். அன்று அவள் கத்தவில்லை. தீர்த்தம் வேலை செய்கிறது, பிள்ளையை விட்டு எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன் இம்மு, ஆண்டவருக்கு நன்றி வேறு சொன்னேன்.

செபத்தை முடித்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஃப்ரிட்ஜ் கதவுக்குக் கீழே பெயின்ட் உதிர்ந்து துரு ஏறின விளிம்பு இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் நின்றிருந்தாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை. கால் மட்டும் ஆடுகிறது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அவளைப் பிடித்தேன், பிடித்ததும் என் தோளிலிருந்து யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது, விடவும் முடியவில்லை இழுக்கவும் முடியவில்லை, கத்த நினைத்தால் தொண்டை வரவில்லை. முழங்கை பட்டு மேலே இருந்த எவர்சில்வர் தூக்கு உருண்டு விழுந்தது, அந்தச் சத்தத்தில்தான் உன் அப்பா முழித்தார். தூக்கக் கலக்கத்திலும் அந்த மனுஷனுக்கு என்ன தோன்றியதோ, எங்களைத் தொட வராமல் நேராக ஓடிப்போய் மெயினை இறக்கினார். இரண்டு பேரும் பொத்தென்று விழுந்தோம். குழந்தை என் மேல் கிடந்தாள், அசையவில்லை, நான் அவள் பெயரைச் சொல்கிறேன், அவள் வாயில் ஊதுகிறேன், முதுகைத் தேய்க்கிறேன். அப்புறம் அழுதாள். அவள் அழுகிற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது, யாரும் என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

ஆட்டோ பிடித்துக் கும்மிடிப்பூண்டி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன நெஞ்சில் ஒயர் ஒட்டி ஓட்டம் பார்த்தார்கள், மறுநாள் வரை வைத்திருந்து, ஆண்டவர் கிருபை, இதயம் நன்றாக ஓடுகிறது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். வலது உள்ளங்கையில் ஒரு சிவப்புத் தடம் மட்டும் இருந்தது, அதுவும் இப்போது மறைந்துவருகிறது. மெர்சி அந்த ஒரு ராத்திரியும் குழந்தையை யார் கையிலும் கொடுக்கவில்லை, என் கையில் கூட.

அன்புராஜை உன் அப்பாவே போய்க் கையோடு கூப்பிட்டு வந்தார். அவன் மெயினை இறக்கிவிட்டுப் படத்தைக் கழற்றி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தான். பிறகு எங்களை வெளியே நிற்க வைத்துவிட்டு மெயினைப் போட்டு, ஃப்ரிட்ஜில் டெஸ்டரை வைத்தான், எரிந்தது. டிம்மரைக் குறைத்தால் டெஸ்டரும் மங்குகிறது, கூட்டினால் அதுவும் பிரகாசமாக எரிகிறது. அப்புறம் மெர்சியைப் பின்பக்கம் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னான். அவள் ஊற்ற ஊற்ற, மழை பெய்த அன்றைக்கு எரிந்த மாதிரியே படத்து விளக்கு பளபளவென்று ஏறியது. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். கரண்டு திரும்பிப் போகிற ஒயரை, நியூட்ரல் என்கிறீர்களே அதை, அந்தச் சுவரில் எலி தின்றிருக்கிறது. புது ஒயர் இழுக்க உனக்கு அன்றைக்கு நேரம் இல்லை, பக்கத்து பிளக்கில் இருந்த பச்சை எர்த் ஒயரோடு சேர்த்து முடிந்துவிட்டாய். விளக்கின் கரண்டு எர்த் குழி வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது, மண் காய்ந்து வழி அடைத்ததும் அதே பச்சை ஒயர் வழியாக ஃப்ரிட்ஜ் உடம்பில் வந்து நின்றது. டேப்பைச் சுற்றிக் கடைசி நுனியை உள்ளே மடித்திருந்தது, நீ எப்போதும் மடிக்கிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு அன்புராஜ் உன் அப்பா முகத்தைப் பார்த்தான்.

மெர்சி கோபமாகக் கூடச் சொல்லவில்லை, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே சொன்னாள், "நீங்க ஒவ்வொரு தபா வெளக்க ஏத்தனப்பவும் எம் புள்ள மேலதான் கரண்டு ஏறிக்கினு இருந்துச்சு அத்தே." விளக்கு ஆபத்தைத்தான் காட்டியது, அது பொய் சொல்லவில்லை. நான்தான் உன் பக்கம் தம்மாமைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆபத்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது. இப்போது புது ஒயர் இழுத்தாகிவிட்டது, எர்த் குழியைத் தோண்டிச் சரி பண்ணியாகிவிட்டது, லேசாகக் கசிந்தாலே பட்டென்று விழுகிற டிரிப் சுவிட்ச் போட்டாகிவிட்டது. எனக்கு மட்டும் எதுவும் சரியாகவில்லை. எதைத் தொட்டாலும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன், தண்ணீர்க் குழாயைக் கூட. குழந்தை கத்தினாலும் பயம், கத்தாமல் இருந்தால் அதைவிடப் பயம்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லக்கூடாது என்று உன் அப்பா நிறுத்திவிட்டார். அவன் அங்க தனியாக் கீறான், கேட்டா மனசு ஒடஞ்சி இன்னா பண்ணிக்குவானோ, முடிஞ்சது முடிஞ்சிபோச்சி வுடு என்றார். நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று நீ பேசினாயே, அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. ஃபோர்மேன் உன்னை நம்பிப் புது லேபர் ரூம் வரிசை முழுக்க ஒயரிங் கொடுத்திருக்கிறான், சொன்ன நாளுக்கு முன்னாலேயே முடித்துக் கொடுத்துவிட்டேன், ஆட்கள் எல்லாம் குடி வந்துவிட்டார்கள் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய், வீடியோவில் சுற்றிக் காட்டினாய். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்த்தார். நான் அந்தக் கட்டில்களைப் பார்த்தேன். எல்லாம் இரும்பு, மேலே ஒன்று கீழே ஒன்று, ஏசி பெட்டியோடு ஒட்டிப் போட்டிருக்கிறது, ஈரத் துண்டை அதிலேயே காயப் போட்டுக்கொண்டு வெறும் உடம்போடு ஆட்கள் படுத்திருக்கிறார்கள். அப்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், சில ரூமுக்கு நியூட்ரல் எட்டல, எப்படியோ அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்மா என்று. எப்படி அட்ஜஸ்ட் பண்ணினாய் என்று நான் கேட்டேன். அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, எல்லாரும் பண்றதுதான் என்றாய். எனக்குப் புரிந்தது இம்மு. ராத்திரி முழுக்கக் கண்ணை மூடினால் அந்தக் கட்டிலில் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு சத்தம் இல்லாமல் கிடக்கிறான்.

அதனால்தான் காலையிலேயே பேனாவை எடுத்தேன். உன்னைத் திட்டுவதற்காக இல்லை. அவசரத்தில் ஒரு முடிச்சு போடுவதும், எரிகிறதா எரிகிறது, போதும் என்று நினைப்பதும் உன் வழக்கமாகிவிட்டதோ என்று நான் பயப்படுகிறேன். அங்கே படுத்திருக்கிறவர்களுக்கும் ஊரில் ஒரு அம்மா இருப்பாள், அவளும் ஏதாவது ஒரு படத்துக்கு முன்னால் உட்கார்ந்து என் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்டுக்கொண்டிருப்பாள், அவளுக்கு உன் பெயர் கூடத் தெரியாது. வேலை போனால் போகட்டும், ஃபோர்மேன் கேவலமாகப் பேசினால் பேசட்டும், நீ கை வைத்த ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்.

இதுவரைக்கும் எழுதியபோது உன் அப்பா தூங்கி எழுந்து வந்துவிட்டார். நான் மறைக்கவில்லை. என்ன எழுதற என்றார், நீட்டினேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார், கட்டில் என்று எழுதின இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். லெட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள இன்னொரு ராத்திரி வந்துடும், இன்னிக்கி வெள்ளிக்கிழமை, லீவு, எல்லாரும் ரூமுலதான் படுத்துக்கினு இருப்பானுங்க என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து உனக்கு அடித்தார். மீதி உனக்கே தெரியும், ஆனால் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். அவர் சாப்டியா என்று கூடக் கேட்கவில்லை, "அங்கியும் எர்த்துல முடிஞ்சியா?" என்றுதான் கேட்டார். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. மெர்சி சமையல்கட்டு வாசலில் குழந்தையோடு வந்து நின்றாள். அப்புறம் நீ மெதுவாக, "ரெண்டு ரூமுலப்பா" என்றாய். போய் மொத மெயின எறக்கு, ஆளுங்கள எழுப்பி வெளிய அனுப்பு, அப்பால என்கிட்ட பேசு என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அதற்குள் ஜெகன் கடிதத்துக்கு வந்துவிட்டான். காபி கொடுத்து உட்கார வைத்தோம், என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை, பாவம். போனை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் செபம் கூடச் சொல்லவில்லை. நீ கூப்பிட்டு, மெயினை இறக்கிவிட்டேன், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டேன், இந்த வெயிலில் நிற்க வைத்துவிட்டாய் என்று ஆட்கள் திட்டுகிறார்கள், ஃபோர்மேன் கத்துகிறான் என்று சொன்னாயே, அப்போதுதான் உன் அப்பா அழுதார். உன் காதில் விழுந்திருக்காது, வாயில் துண்டை வைத்துக்கொண்டார். குழந்தைக்கு நடந்ததை அவர் போனில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையில் வேலை இருக்கும்போது அதைக் கேட்டால் உன் கை நடுங்கும் என்றார் அவர். ஆகையால் இதைப் படிக்கும்போதுதான் உனக்குத் தெரியும். முதல் வரிக்குத் திரும்பிப் போ என்று மேலே சொன்னேனே, போய்ப் படித்துக்கொள், பிறகு அழுவதாக இருந்தால் அழு.

ஆண்டவரும் மாதாவும் உன் தலைமாட்டிலேயே நிற்கட்டும். உன் கைக்கு எந்த ஆபத்தும் வராமல் இருக்கட்டும், உன் கையால் யாருக்கும் ஆபத்து வராமலும் இருக்கட்டும், இனிமேல் நான் இரண்டையும் சேர்த்தே கேட்பேன். இந்தக் காகிதத்தின் மூலையில் கட்டை விரலால் சிலுவை போட்டிருக்கிறேன், அதை நெற்றியில் வைத்துக்கொள். மெர்சிக்குத் தனியாகப் போன் பண்ணு, அவள் உன் மேல் கோபமாக இருக்கிறாள், சமாதானம் சொல்லாதே, அவள் திட்டுவதைக் கடைசி வரைக்கும் கேட்டுக்கொள். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. அந்த இரண்டு அறையிலும் புது ஒயர் இழுத்து முடித்த பிறகு, ஆட்களை உள்ளே விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டிலையும் டெஸ்டர் வைத்துப் பார், எதிலும் எரியவில்லை என்றால் முதல் ஆளாக நீ அதில் ஏறிப் படு, அதற்குப் பிறகு அவர்களைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
அ. பிலோமினா